வாசலில் நின்ற சாமுராயும் நைட் வீரனும்

மூக்கின் இடது பக்கம் அரித்தது. சொறியக்கூடாது. கையைத் தூக்கினால் முழங்கைத் தகடு இடுப்புத் தகட்டில் டொக்கென்று இடிக்கும், இடித்தால் சிலை போய்விடும், சிலை போனால் வேஷத்துக்கு ஆள் பிடித்து வந்த குபேந்திரன் அண்ணன் ஓடிவந்து காதோரம் பல்லைக் கடிப்பார். அதனால் மோனிஷா மூக்கைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். நினைக்கக்கூடாது என்று நினைத்ததுமே அரிப்பு கண்ணுக்குக் கீழே வரை போனது. ஆறரைக்கு நிற்க ஆரம்பித்தது, ஏழேகால் வரை நிற்க வேண்டும், அப்புறம் கால் மணி நேரம் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். செங்கல்பட்டிலேயே பெரிய மண்டபம், ஏசி மண்டபம்தான், ஆனால் ஏசி எல்லாம் உள்ளே. வாசலில் ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம் சும்மா நின்றிருந்தது. மாப்பிள்ளைக்கு ஒசாகாவில் வேலை, பெண் ஜெர்மனியில் படித்தவள், அதனால் வரவேற்புக்கு வாசலின் ஒரு பக்கம் ஜப்பானிய சாமுராய், மறுபக்கம் ஐரோப்பாவின் நைட் வீரன் என்று யாரோ ஒரு சித்தப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. சாமுராய்க்குள் நவாஸ். நைட்டுக்குள் மோனிஷா. உள்ளே இருப்பது பெண் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஃபைபர் கவசம் ஐந்தே முக்கால் அடி ஆளுக்கென்று செய்தது, பள்ளிக்கூடத்தில் கரண்டு கம்பம் என்று கூப்பிட்ட உயரம் கடைசியில் இதற்குத்தான் ஆயிற்று. தலைக்கவசத்துக்குள் இதற்கு முன்னால் போட்டவனின் தேங்காய் எண்ணெய் வாடை. கண்ணுக்கு நேராக ஒரு விரல் அகலச் சந்து. அந்தச் சந்தில் உயரமானவர்கள் முகமாகவும் குள்ளமானவர்கள் தலைப்பூவாகவும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தலைப்பூவையும் அவள் உற்றுப் பார்த்தாள். ஏனென்றால் ரோட்டோரத்தில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில், மணமக்களுக்குக் கீழே, வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று வட்டம் வட்டமாக ஒட்டியிருந்த உறவுக்காரர்களின் முகங்களில், மூன்றாவது வரிசையில் இரண்டாவது வட்டம் ஹரிப்ரியா. கவசத்தை மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் அதைப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணின் சித்தி மகள். இன்றைக்குக் கட்டாயம் வருவாள், இந்த வாசல் வழியாகத்தான் வருவாள். எட்டு மாதமாகப் போனை எடுக்காத, நம்பரையே பிளாக் பண்ணிவிட்ட ஹரிப்ரியா அவளுக்கு ஒரு கை தூரத்தில் போவாள். அப்போது அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதா, இல்லை சிலை மாதிரி நின்றுவிடுவதா. சிலை மாதிரி என்ன, சிலையேதான். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு சின்னப் பையன் வந்து அவள் வயிற்றுத் தகட்டில் தட்டினான். டொக் டொக். "உள்ள ஆள் இருக்காங்களா?" என்றான். பின்னாலிருந்து ஒரு அம்மா, "மோட்டார்டா, உள்ள மோட்டார் வச்சிருக்காங்க" என்றாள். மோட்டார் என்றால் எவ்வளவு நன்றாயிருக்கும், மோட்டாருக்கு மூக்கு அரிக்காது. எதிரே நவாஸ் அசையாமல் நின்றான், கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகக் கட்டிய கவசம், தலையில் கொம்பு, முகத்தில் கோப முகமூடி. அவனுக்குப் பின்னால் ஆளுயரப் பலகை. அதைப் பார்க்கக்கூடாது என்றாலும் சந்துக்கு நேராக அதுதான் இருந்தது. அவளுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. இரண்டிலும் தங்கக் கலரில் அறம் எழுதியிருந்தது, ஒன்றில் சாமுராய் அறம், மற்றதில் நைட் அறம், குபேந்திரன் அண்ணன் நெட்டிலிருந்து எடுத்துத் தமிழில் அடித்தது. மாட்டும்போது மாற்றி மாட்டிவிட்டார்கள். பூ அலங்காரம் பண்ணியவர்கள் வேறு தலைப்பு இருந்த இடத்தில் மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டார்கள், அதனால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மோனிஷா மட்டும் மாட்டுவதற்கு முன்னால் பலகைகள் தரையில் கிடந்தபோது படித்திருந்தாள். "அண்ணே, போர்டு மாறிப்போச்சுண்ணே" என்று சொல்லத்தான் செய்தாள். அவர் ஒயரை இழுத்துக்கொண்டே, "எவம்மா படிக்கப்போறான்? கல்யாண வீட்ல எல்லாரும் சாப்பாட்டுப் பந்திய பாப்பாங்களா, இதப் பாப்பாங்களா? நீ போய் கவசத்தை மாட்டு" என்றார். ஆனால் படித்தார்கள். எல்லோரும் நின்று படித்தார்கள். சற்று முன் ஒரு பெரியவர் அவளுக்குப் பின்னால் இருந்த பலகையைச் சத்தமாகப் படித்தார், நேர்மை, வீரம், இரக்கம், மரியாதை, உண்மை, மானம், விசுவாசம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டு. படித்துவிட்டு, "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்யா" என்றார். அது ஜப்பான்காரன் எழுதியது தாத்தா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தப்பு அவர்மேல் இல்லை. நேர்மை, வீரம், மரியாதை இதையெல்லாம் யார் முதுகுக்குப் பின்னால் மாட்டினாலும் பொருந்தும், நர்ஸ் முதுகில் மாட்டு, கண்டக்டர் முதுகில் மாட்டு. பலகை மாறியது தெரிய வேண்டுமென்றால் கடைசி வரிக்குப் போக வேண்டும். அவளுக்குப் பின்னால் கடைசி வரி: அவமானத்தோடு வாழ்வதைவிட மரணமே மேல். எதிரே நவாஸுக்குப் பின்னால் கடைசி வரி: தோற்றால் வாளைக் கொடு, வாக்கைக் காப்பாற்று. முன்னதை அவளால் பார்க்க முடியாது, ஆனால் முதுகில் சூடாகத் தெரிந்தது. பின்னதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிடும்போது நவாஸ்தான் அதைச் சொன்னான். வேஷம் போடுகிற எதைப் பற்றியும் அவன் போனில் வீடியோ பார்த்துவிடுவான். போன மாதம் ஒரு கடை திறப்புக்கு டைனோசராக நின்றபோது டைனோசர் எப்படிச் செத்தது என்று நாள் முழுக்க உயிரை வாங்கினான். "இந்த நைட்டு இருக்கான்ல, சண்டையில தோத்துட்டான்னு வை, சாகமாட்டான். வாளைக் குடுத்துட்டு 'நான் உன் கைதி'ம்பான். பிடிச்சவன் அவனை வெட்டமாட்டான். 'சரி, வீட்டுக்குப் போய், உன்னை விடுறதுக்குப் பேசின பணத்தைத் தேடு, தேடிட்டு வா'ன்னு அனுப்பிருவான். போனவன் திரும்பி வரணும். வரலைன்னா அவன் நைட்டே இல்ல." மோனிஷா, "ஓடிப்போயிட்டா?" என்று கேட்டாள். "ஓடுனவனும் இருப்பான். ஆனா பிரான்சுல ஒரு ராஜாவே, பிணையா வச்சிருந்த மகன் ஓடிட்டான்னு, அவரே திரும்பிப் போய்ச் சிறையில உக்காந்தாராம்." "அப்போ சாமுராய்?" என்றாள். "சாமுராய்க்கு ஒரே முதலாளி. தப்புப் பண்ணிட்டா வயித்தைக் கிழிச்சுக்கணும். அதுவும் சும்மா இல்ல, குளிச்சு, வெள்ளைத் துணி கட்டி, கவிதை எழுதி வச்சுட்டு. பக்கத்துல ஒருத்தன் நின்னு கழுத்தை வெட்டி வலியைக் குறைப்பான்." அவன் தொட்டுக்கொள்ள வைத்திருந்த அப்பளத்தை உடைத்தான். "ஆனா ஒண்ணு தெரியுமா? அந்த விதியில பாதிக்கு மேல சண்டையே இல்லாத காலத்துல உக்காந்து எழுதுனதாம். உண்மையா வெட்டிக்கிட்ட காலத்துல கட்சி மாறிட்டே இருந்தானுங்களாம். நைட்டும் யோக்கியம் இல்ல. பெரிய வீட்டு ஆளுன்னாதான் உயிரோட விடுவான், கால்நடையா வந்த ஏழையைச் சும்மா வெட்டிப்போட்டுப் போயிருவான்." மோனிஷாவுக்கு அப்போது சாமுராய்தான் பிடித்தது. சொத்தையாக வாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் என்ன வீரன்? தப்புப் பண்ணினாயா, முடித்துக்கொள். அதில் ஒரு கெத்து இருக்கிறது. அவளும் அப்படித்தான் பண்ணினாள் என்று நினைத்துக்கொண்டாள். வயிற்றைக் கிழிக்கவில்லை. பள்ளிக்கூடத்தைக் கிழித்துப் போட்டாள்.

அது டிசம்பர். அரையாண்டுத் தேர்வு. இயற்பியல் நோட்டுகளை ஆசிரியர் அறையில் வைக்கப் போனவள் மேசையில் வினாத்தாள் கட்டைப் பார்த்தாள், பிரித்த கட்டு. அவளிடம் போன் கிடையாது. அம்மாவுக்குப் பேசணும் என்று ஹரிப்ரியாவிடம் வாங்கிய போன் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக்கூடாது, ஆனால் ஹரிப்ரியா பள்ளியின் மாணவர் தலைவி, அவள் பையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு படம். ஒரே ஒரு படம் எடுத்தாள். அம்மா நம்பருக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடலாம், ராத்திரி வீட்டில் அம்மா போனில் பார்த்துக்கொள்ளலாம். விரல் வழுக்கியது. படம் வகுப்புக் குரூப்புக்குப் போய்விட்டது. பதறிப்போய் அழித்தாள், அழிக்கும்போது எனக்கு மட்டும் என்பதை அழுத்திவிட்டாள், எல்லோருக்கும் என்பதை அழுத்தவில்லை. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு அரிசி அளவு இடம்கூட இருக்காது. ஹரிப்ரியா போனில் படம் காணாமல் போயிற்று, நாற்பத்திரண்டு பேர் போனில் ஹரிப்ரியா பெயரோடு அப்படியே நின்றது. தலைமையாசிரியை வகுப்புக்கு வந்து கேட்டபோது ஹரிப்ரியா, "நான் அனுப்பல மிஸ்" என்றாள். "உன் போன்தானே?" "என் போன்தான் மிஸ்." "அப்ப அழிச்சது யாரு?" அப்போது ஹரிப்ரியா திரும்பி மோனிஷாவைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை. மோனிஷா ஜன்னல் கம்பிகளை எண்ணினாள். ஒன்பது. இன்றைக்கும் அந்தக் கம்பிகள் கனவில் வரும், சில நாள் எட்டாக, சில நாள் பத்தாக. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஹரிப்ரியாவின் தலைவி பேட்ஜைக் கழற்றினார்கள். ஊக்கு சட்டையில் மாட்டிக்கொண்டது, பி.டி. சார் இழுத்தார், துணி கிழிந்தது. ஹரிப்ரியாவின் அப்பா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தபால் ஆபீஸ் வேலையிலிருந்து பாதியில் வந்த மனிதர், கையில் இன்னும் பேனா. அடுத்த வாரத்திலிருந்து மோனிஷா பள்ளிக்கூடம் போகவில்லை. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னாள். அம்மா அழுதாள், கெஞ்சினாள், துடைப்பத்தால் அடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். பொதுத்தேர்வு எழுதவில்லை. தண்டனை என்று நினைத்துக்கொண்டாள். தன்னைத் தானே தண்டித்தாயிற்று, கணக்கு நேராயிற்று என்று.

நேராயிற்றா? கவசத்துக்குள் வியர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்கி இடுப்புப் பட்டியில் தேங்கியது. உள்ளே மேடையில் யாரோ மைக்கில் ஹலோ செக் ஹலோ செக் என்றார்கள். சுட்ட சோள வாசம் வந்தது, பசித்தது, பசிப்பதற்கு வெட்கமாக இருந்தது. வயிற்றைக் கிழித்துக்கொண்ட சாமுராயால் யாருக்கு என்ன கிடைத்தது? மானம் அவனுக்கு. யார்மேல் பழி விழுந்ததோ அவனுக்கு என்ன? அவன் பழியோடு வீட்டுக்குப் போயிருப்பான். மோனிஷாவுக்கு இது இப்போதுதான் தோன்றியது, எதிரே கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றதால் தோன்றியது, அதனால் எரிச்சலும் வந்தது. எட்டு மாதம் தோன்றாதது ஒரு மாறிப்போன பலகையால் தோன்ற வேண்டுமா? அவள் பள்ளிக்கூடத்தை விட்டதால் ஹரிப்ரியாவின் பேட்ஜ் திரும்பி வந்ததா? அவள் பெயர்தான் சுத்தமாயிற்றா? நான் செத்துவிட்டேன், இனி என்னை யாரும் எதுவும் கேட்கக்கூடாது, அதுதானே? அது மானம் இல்லை, ஒளிந்துகொள்வது. கெத்தாக ஒளிந்துகொள்வது. தோற்றுவிட்டேன், இந்தா வாள், நான் உன் ஆள், என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன் என்று எதிராளி முன்னால் போய் நிற்பது இருக்கிறதே, அது இதைவிட எவ்வளவு கேவலமாக இருக்கும், எவ்வளவு கூசும். அப்புறம் உயிரோடு வேறு இருக்க வேண்டும். நாளைக்கும் அதே முகத்தோடு கடைக்குப் போக வேண்டும். மத்தியானம் சொத்தை என்று நினைத்தாளே, அதுதான் கஷ்டமானது. நவாஸிடம் சொல்ல வேண்டும். நவாஸ் எதிரே துளிகூட அசையாமல் நின்றான், அவன் முகமூடிக்குள் தூங்கிக்கூடப் போயிருக்கலாம்.

அப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. முகம் தெரிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, மூச்சை உள்ளே இழுத்துச் சிரிக்கிற சிரிப்பு, ஆய்வகத்தில் குடுவை உடைந்தபோதெல்லாம் கேட்ட சிரிப்பு. மாம்பழக் கலர் பட்டுப் பாவாடை தாவணி, கூடவே இரண்டு வாண்டுகள். "ஹரிக்கா, இவர்கூட ஒரு செல்ஃபி!" ஹரிப்ரியா வந்து பக்கத்தில் நின்றாள். தோளில் கை வைத்தாள், அதாவது தோள் தகட்டில். எடை இல்லாத கை. இப்போது சொல். இல்லை, படம் எடுக்கட்டும். படம் எடுத்ததும் சொல். இல்லை, குழந்தைகள் போகட்டும். ஏழேகாலுக்குப் பிறகு உள்ளே போய்த் தேடிப் பார்த்துச் சொல்லலாம், கவசம் இல்லாமல், முகம் கழுவி, தலை வாரி. குளிச்சு, வெள்ளைத் துணி கட்டி. ஐயோ. ஹரிப்ரியா படத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பலகையைப் படித்தாள், கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி சிரித்தாள். "அவமானத்தோட வாழ்றதைவிட மரணமே மேலாம். யாருடா எழுதுனது? நான் எட்டு மாசமா வாழ்றேன், ஒண்ணும் சாகல. காலேஜ்ல பிரியாணி நல்லாருக்கு." வாண்டுகளுக்குப் புரியவில்லை. மோனிஷாவுக்குப் புரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

"ஹரி" என்றாள். ஃபைபருக்குள் அது கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி கேட்டது. ஒரு வாண்டு, "சிலை பேசுது!" என்று கத்திக்கொண்டு ஓடியது. ஹரிப்ரியா இரண்டடி பின்னால் போனாள். "ஹரி, நான் மோனி. படத்தை நான்தான் அனுப்புனேன்." எட்டு மாதம் உருட்டி உருட்டி வைத்திருந்த வாக்கியம் நீளமானது, அதில் சூழ்நிலை, மன்னிப்பு, விதி எல்லாம் இருந்தது. வெளியே வந்தது இவ்வளவுதான். ஹரிப்ரியா சந்துக்குள் எட்டிப் பார்த்தாள், கண்ணோடு கண். "தலையில இருக்கறதைக் கழட்டு" என்றாள். மோனிஷா இழுத்தாள், வரவில்லை. "இரு, தோடு மாட்டிருக்கு. ஆட்டாதடி, காது கிழியும்." ஹரிப்ரியாவின் விரல்கள் உள்ளே நுழைந்து தோட்டை விடுவித்தன, கவசம் கழன்றது, காற்று முகத்தில் மோதியது, உலகம் இத்தனை அகலமா. "உன் மூஞ்சி ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" என்றாள் ஹரிப்ரியா, பிறகு கோபப்பட வேண்டியது நினைவுக்கு வந்தவள் போல உதட்டைக் கடித்தாள். "நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். என் போனு வேற யார் கையில இருந்துச்சு?" "அப்ப ஏன் சொல்லல?" "நீயே சொல்லுவன்னு நின்னேன். பேட்ஜைக் கழட்டுற வரைக்கும் நின்னேன்." "அதுக்காகத்தான் நான் ஸ்கூலையே விட்டேன், ஹரி." "யார் கேட்டா?" என்றாள் ஹரிப்ரியா. "நீ விட்டா எனக்கு என்ன வந்துச்சு சொல்லு. லேப்ல பார்ட்னர் போயிட்டா, அதான் வந்துச்சு. எங்கப்பா இன்னும் என்னை நம்பல. நேத்துகூட என் போனை வாங்கிப் பாத்தாரு." "நான் என்ன பண்ணணும்?" என்றாள் மோனிஷா. "அப்பா பந்தியில இருக்காரு. இப்பவே வா. திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வந்து ஹெச்.எம்.கிட்டயும் சொல்லணும். தனித்தேர்வு ஃபாரமும் அங்கேயே வாங்கிக்கோ, மறுபடி மக்கு மாதிரி உக்காந்திருக்காத. ஓடிட மாட்டியே?" "இதைப் போட்டுக்கிட்டு எங்கடி ஓடறது?" "திங்கக்கிழமை?" "வருவேன். காலையில எட்டரைக்கு கேட்ல நிப்பேன்."

"ஏய் மோனிஷா! எங்க போற? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு!" குபேந்திரன் அண்ணன் ஒயருக்குள் சிக்கிக்கொண்டே கத்தினார். எதிரே சாமுராய் வாயைத் திறக்காமல் பேசியது: "போ. வாசலை நான் பாத்துக்கறேன்." பேசிவிட்டு மெதுவாக, ஒரு தேர் நகர்கிற மாதிரி, வாசலின் நடுவுக்கு வந்து மறுபடி சிலையானான் நவாஸ். சாப்பாட்டுக் கூடத்தில் ஐம்பது இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வாயில் வைத்த கையோடு திரும்பிப் பார்த்தார்கள். கிளக் கிளக் என்று ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தகடுகள் சத்தம் போட்டன, கன்னமெல்லாம் முடி ஒட்டியிருந்தது, மூன்றாவது வரிசை வரைக்கும் நடக்க ஒரு வருடம் ஆனது போலிருந்தது. ஹரிப்ரியாவின் அப்பா அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் காதோரம் நரைத்துவிட்டது. நிமிர்ந்து முதலில் கவசத்தைப் பார்த்தார், பிறகு முகத்தை, பிறகு பக்கத்தில் நின்ற மகளை. "அங்கிள், அந்தப் படத்தை ஹரி அனுப்பல. நான்தான் அனுப்புனேன். அவளுக்குத் தெரிஞ்சும் என்னைக் காட்டிக்குடுக்கல." சொல்லி முடித்ததும் கூடத்தில் இருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது, கரண்டி, தண்ணீர், மைக். மோர் கொண்டுவந்தவனை அவர் இடது கையால் போகச் சொன்னார். ஹரிப்ரியாவை ஏறிட்டுப் பார்த்தார், ரொம்ப நேரம், அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் எடுத்தார். இலையை மடித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியை மகளுக்கு இழுத்துப் போட்டார். "நீ உக்காரும்மா" என்றார். பிறகு மோனிஷாவிடம், "நீ முதல்லேர்ந்து சொல்லு, ஒண்ணையும் விடாத" என்றார். கவசத்தின் முழங்கால் மடங்காது. மோனிஷா நின்றபடியே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.